காரில் டிரெய்லர் கொக்கி நாமே மாட்டலாமா? குற்றாலம் கிளம்பும் முன் ஒரு செக்

ஜூன் மாதம் சாரல் ஆரம்பித்துவிட்டால் தென்காசி - குற்றாலம் ரோடு முழுக்க வெளியூர் கார்கள்தான். கூரை மேலே லக்கேஜ், டிக்கியில் அடுப்பு, பாத்திரம், உள்ளே ஆளுக்கொரு பை மடியில். ‘பேசாம பின்னாடி ஒரு சின்ன டிரெய்லரை இழுத்துட்டுப் போயிடலாமே’ என்று தோன்றும். யூடியூபில் பார்த்தால், வெளிநாட்டில் ஒருவர் வீட்டு வாசலிலேயே ‘டோ பார்’ எனப்படும் இழுவைக் கொக்கியை மாட்டி முடித்துவிடுகிறார்.

மாட்டுவது ஈஸிதான். இழுப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டிராக்டர் இழுக்குது, கார் இழுக்காதா?

டிராக்டர் இழுக்கவே பிறந்தது. ஆனால், இன்றைய பெரும்பாலான கார்களுக்குத் தனி சேஸி கிடையாது. வெல்டிங் செய்த தகடுகள்தான் அதன் உடம்பு. பம்பர் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை. அதில் கொக்கி நிற்காது. காரின் அடியில், கம்பெனி குறித்திருக்கும் உறுதியான இடங்களில்தான் போல்ட் போட வேண்டும். கண்ட இடத்தில் ஓட்டை போட்டால் தகடு கிழியும், துருப்பிடிக்கும்.

டூல் கிட்டில் ஒரு இழுவை வளையம் இருக்குமே? அது கார் பிரேக்-டவுன் ஆனால் கயிறு கட்டி இழுக்க. டிரெய்லருக்கு அல்ல.

எவ்வளவு எடை?

காரோடு வந்த மேனுவலில் ‘டோயிங் கெபாசிட்டி’ என்று தேடுங்கள். இழுக்கக் கூடாது என்று போட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது.

அளவு கொடுத்திருந்தால் அடுத்த கணக்கு. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை கொக்கியின் மேல் அழுந்த வேண்டும் என்பது பொதுவான விதி. 500 கிலோ டிரெய்லர் என்றால் 50 முதல் 75 கிலோ. இது குறைந்தால் டிரெய்லர் வால் போல ஆடும். கூடினால் காரின் பின்பக்கம் இறங்கி, முன்பக்கம் தூக்கும். முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பிடிமானமே குறைந்துவிடும்.

செங்கோட்டை தாண்டினால்?

குற்றாலம் பார்த்துவிட்டு அப்படியே புளியரை வழியாக ஆரியங்காவு கணவாய் ஏறி, கேரளா பக்கம் ஒரு ரவுண்டு போகிறவர்கள் நிறைய. அங்கே வளைவும் சரிவும் அதிகம். 1,200 கிலோ காருக்குப் பின்னால் பிரேக் இல்லாத 500 கிலோ டிரெய்லர் இருந்தால், இறக்கத்தில் கார் பிரேக் 1,700 கிலோவை நிறுத்த வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் அது சூடாகி வேலை செய்யாமல் போகலாம். குறைந்த கியரில் இறங்குவதுதான் வழி. சாரலில் நனைந்த ரோடு என்றால் இன்னும் கவனம்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-வது பிரிவுப்படி டிரெய்லருக்கும் தனிப் பதிவு வேண்டும். இழுக்கும் வண்டியின் நம்பரும் டிரெய்லரில் தெரிய வேண்டும். பட்டறையில் வெல்டிங் பண்ணி வாங்கி அப்படியே ரோட்டில் இறக்க முடியாது.

கம்பெனி வடிவமைப்பில் இருந்து வண்டியை மாற்றுவதை 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, விதியை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கலாம். முன்பக்கம் மாட்டும் கிராஷ் கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியதும் இந்தப் பிரிவை வைத்துத்தான். பின்பக்கக் கொக்கிக்கும் ஆர்டிஓ ஆபீஸில் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் கேள்வியாக வந்து நிற்கும்.

அப்போ என்ன செய்யலாம்?

* மேனுவல், ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ். இந்த மூன்றுக்கும் பிறகுதான் ஸ்பேனர்.
* உங்கள் மாடலுக்கென்றே செய்த கொக்கியை மட்டும் வாங்குங்கள்.
* ஜாக்கியை மட்டும் நம்பி காரின் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் கட்டாயம்.
* போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். சில நாள் ஓட்டியதும் மறுபடி செக் பண்ணுங்கள்.
* டிரெய்லரில் பிரேக் லைட், இண்டிகேட்டர் எரிகிறதா என்று பார்த்த பிறகே கிளம்புங்கள்.

வருஷத்துக்கு ஒரு தடவை குற்றாலம் போக மட்டும்தான் என்றால், கொஞ்சம் பெரிய வேனை வாடகைக்கு எடுப்பதே லாபம். பணத்துக்கும் சரி, பின்னால் வரும் வண்டிக்காரருக்கும் சரி!