படைத்தலைவனும் குடியேறியும்: யாழ்ப்பாணத்தில் பிலிப் த ஒலிவேறா, 1619–1627

யாழ்ப்பாண அரசின் வீழ்ச்சி பற்றி எழுதியோர் பலர். அவ்வீழ்ச்சிக்குக் காரணமான படையினர் பின்னர் என்ன ஆயினர் என்பதை ஆராய்ந்தோர் சிலரே. வாளோடு வந்தவன் அம்மண்ணிலேயே தங்கி, மணமுடித்து, இறை பெற்று வாழத் தொடங்கும்போதே படையெடுப்பு குடியேற்றவாதமாக மாறுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, எந்த அளவில் நின்றுபோயிற்று என்பதை விளங்கிக்கொள்வதற்குப் பிலிப் த ஒலிவேறாவின் வாழ்வு தக்கதொரு தொடக்கமாகும்.

போர்த்துக்கீசர் யாழ்ப்பாணத்தின்மீது மேற்கொண்ட முதற் பெரும் படையெடுப்பு 1560இல் நிகழ்ந்தது. அதன் விளைவாக மன்னார் அவர்கள் வசமாயிற்று. 1591இல் அந்திரே பூர்த்தாதோ த மெந்தொன்சாவின் படை நல்லூரைக் கைப்பற்றி, எதிர்மன்னசிங்கனைத் திறை செலுத்தும் அரசனாக அமர்த்தியது. அவனுக்குப் பின்னர் அரசுரிமைப் பூசலினூடாக அதிகாரத்தைக் கைப்பற்றிய இரண்டாம் சங்கிலி, திறை செலுத்தத் தவறியதோடு தஞ்சை நாயக்கரின் துணையையும் நாடினான் என்பது போர்த்துக்கீசர் கூறிய காரணம். கொழும்பிலிருந்த தளபதி கொன்ஸ்தந்தீனு த சா 1619இல் ஒலிவேறாவை வடக்கே அனுப்பினான். தரைவழியாக வந்த ஒலிவேறாவின் படை சங்கிலியைத் தோற்கடித்தது. கடல்வழியே தப்ப முயன்ற மன்னன் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1623இல் மரணதண்டனைக்குள்ளானான்.

இவ்வெற்றியைப் போர்த்துக்கீசரின் தனி வெற்றியாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒலிவேறாவின் படையிற் கணிசமான பகுதியினர் லஸ்கரீன்கள் எனப்பட்ட உள்நாட்டுப் போர்வீரராவர். குடியேற்ற ஆட்சியின் தோற்றத்தை வெள்ளையர்-சுதேசிகள் என்ற எளிய எதிர்நிலையாக மட்டும் காண முடியாமைக்கு இதுவே முதற் காரணம். நிலவுடைமையாளரும் தலைமைக்காரருமான உள்ளூர் மேலோருட் சிலர் புதிய அதிகாரத்தோடு இணங்கிச் சென்றனர்; சிலர் எதிர்த்தனர்; முதலில் இணங்கிப் பின்னர் எதிர்த்தோரும் உளர்.

வென்றவன் திரும்பிச் செல்லவில்லை. ஒலிவேறா யாழ்ப்பாணத்தின் கபித்தான்-மோர், அதாவது தலைமைக் கப்பித்தான், என்ற பதவியோடு நல்லூரில் தங்கினான். அடுத்த இரண்டாண்டுகளும் கிளர்ச்சிக் காலமாயின. மிகப்பிள்ளை ஆராச்சி போன்ற உள்ளூர்த் தலைவர்கள் முன்னின்றனர். தஞ்சை இரகுநாத நாயக்கனின் படையுதவியும் கடல் கடந்து வந்தது. இவற்றை அடக்கிய பின்னரே 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தரைமட்டமாக்கப்பட்டது. ஆட்சிப்பீடம் நல்லூரிலிருந்து கடலோரத்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு மாற்றப்பட்டது. இவ்விரு செயல்களையும் சமய வெறியின் விளைவாக மட்டும் விளக்குதல் போதாது. நல்லூர் அரண்மனையும் கோயிலும் சேர்ந்ததோர் அரசியல் மையம். அம்மையம் நிலைத்திருக்கும்வரை கிளர்ச்சிக்கு ஒரு கொடி இருந்தது. மேலும், நிலத்தின் நடுவிலிருந்த தலைநகர் கடல்வழி உதவியை நம்பியிருந்த சிறுபடைக்கு உகந்ததன்று. கோட்டை கடலோரத்தில் எழுந்தமைக்கும், நகரம் அதன் நிழலில் வளர்ந்தமைக்கும் காரணம் இதுவே.

ஒலிவேறா 1627இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தான். அவனைப் பற்றிய விரிவான சித்திரத்தைத் தருபவர் யேசுசபைத் துறவியான பெர்னாவோ த குவேறோஸ். கோவாவிலிருந்து 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய குவேறோஸ், அவனைச் சமயப்பற்றுமிக்க வீரனாகப் போற்றுகின்றார். யாழ்ப்பாணத்து மரபுவழி நினைவோ அக்காலத்தைக் கோயில்கள் இடிக்கப்பட்ட காலமாகவே பேணியுள்ளது. 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த அதிகாரியொருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை இந்நினைவைத் தாங்கி நிற்கின்றது. எனினும், கால வரன்முறையில் அந்நூல் குழப்பமுடையது என்பதை முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் எடுத்துக்காட்டியுள்ளனர். ஒன்று வென்றோரின் புகழுரை. மற்றையது தோற்றோரின் பிற்கால நினைவு. இரண்டுக்குமிடையே, அன்று உழுதவனும் மீன்பிடித்தவனும் சாயவேர் கிண்டியவனும் என்ன எண்ணினர் என்பதற்கு நேரடிச் சான்று இல்லை.

தளபதியை விட்டு அவனோடு வந்த சாதாரண வீரனை நோக்குவோம். கீழைத்தேசப் போர்த்துக்கீச சமூகத்தில் ‘சொல்தாதோ’, ‘கசாதோ’ என இரு பிரிவினர் இருந்தனர். முன்னையது மணமாகாத போர்வீரனையும் பின்னையது மணமுடித்துக் குடியேறியவனையும் குறித்தது. சொல்தாதோவின் வாழ்வு வறுமை மிக்கது. சம்பளம் காலந்தாழ்ந்தே கிடைக்கும். போரில்லாத மழைக்காலத்தில் அவன் பிரபுக்களின் உணவுமேசையை நம்பி வாழ்ந்தான். மணவாழ்வு அவனுக்கு இந்நிலையிலிருந்து மீளும் வழியாயிற்று. மணமுடித்தவன் நிரந்தரப் படைச்சேவையிலிருந்து விலகலாம். ஆபத்து நேரும்போது மட்டும் ஆயுதமேந்த வேண்டும். ஐரோப்பியப் பெண்கள் மிகச் சிலரே கடல் கடந்து வந்தமையால், மனைவியர் பெரும்பாலும் ஞானஸ்நானம் பெற்ற சுதேசப் பெண்களாகவோ கலப்பின மகளிராகவோ இருந்தனர். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அல்புக்கேர்க்கே தொடக்கிவைத்த கொள்கை இது. குடியேற்றத்தின் சுமையைத் தாங்கிய இப்பெண்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் அரிதாகவே இடம்பெறுகின்றன.

இலங்கையில் கசாதோக்களுக்குக் கிராமங்கள் மானியமாக வழங்கப்பட்டன. பொதுவாக மூன்று தலைமுறைக்கு அளிக்கப்பட்ட இம்மானியம், அரசனுக்குச் சிறு இறையையும் போர்க்காலத்தில் துப்பாக்கியோடு கூடிய ஆட்சேவையையும் கடமையாக்கியது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, பச்சிலைப்பள்ளி ஆகிய பிரிவுகளின் கிராமங்களும் அவற்றின் வருமானமும் 1645ஆம் ஆண்டின் பதிவேட்டிற் கணக்கிடப்பட்டுள்ளன. இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். மானியம் பெற்றவனுக்குக் கிடைத்தது முன்பு அரசனுக்குச் சேர்ந்த இறையைப் பெறும் உரிமையே. கலப்பையும் துலாவும் பனங்காணியும் உள்ளூரவர் கையிலேயே இருந்தன. செறிந்த குடிகளும் வழிவழி வந்த காணியுரிமையும் உடைய குடாநாட்டில் வெற்று நிலம் தேடி வருபவனுக்கு இடமில்லை. ஆகவே யாழ்ப்பாணத்துக் குடியேறி உழவனாகவில்லை. கோட்டைக்கு அருகே வாழ்ந்து கிராமத்து உபரியைப் பெறுபவனாகவே நின்றான். நிலமானிய அமைப்பு தகர்க்கப்படவில்லை. அதன் உச்சியில் இருந்தவர் மட்டுமே மாறினர்.

இச்சமூகத்தின் பலவீனம் 1658இல் வெளிப்பட்டது. ரிக்லொவ் வான் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தப் படை மூன்று மாத முற்றுகைக்குப்பின் யூன் 22ஆம் நாள் கோட்டையைக் கைப்பற்றியது. மண்ணில் வேரற்றுக் கோட்டையையே நம்பியிருந்த குடியேறிகள், கோட்டையோடு தம் நிலையையும் இழந்தனர். போர்த்துக்கீசப் படையினரும் கசாதோக்களும் இலங்கையிலிருந்து அகற்றப்பட்டனர். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இலங்கையிற் போர்புரிந்த யொவாவோ றிபெய்றோ என்ற கப்பித்தான் தாயகம் திரும்பி, 1685இல் தன் அனுபவங்களை நூலாக்கி அரசனுக்குச் சமர்ப்பித்தான். எழுத்தறிந்த வீரன் நூலொன்றை விட்டுச் சென்றான். கசாதோ அதுபோன்ற எதனையும் விட்டுச் செல்லவில்லை.

எனினும் அவன் முற்றாக மறைந்துவிடவுமில்லை. ஒல்லாந்தக் கம்பனியும் தன் வீரர் மணமுடித்துச் ‘சுதந்திரக் குடிகளாக’த் தங்குவதை ஊக்குவித்தது. அவர்கள் மணந்தவர்களுட் பலர் போர்த்துக்கீச வழிவந்த பெண்கள். அதனால் ஒல்லாந்தர் வீடுகளில் போர்த்துக்கீச மொழி நீண்டகாலம் வழங்கிற்று. இச்சமூகமே பிற்காலத்துப் பறங்கியரின் முன்னோடி. பறங்கித்தெரு என்ற பெயரும், மேசை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு, குசினி, விறாந்தை முதலிய சொற்களும் அவ்வாழ்வின் எச்சங்கள். இவற்றுட் பெரும்பாலானவை வீட்டகத்துச் சொற்கள் என்பது கருதத்தக்கது. படைமுகாமைவிடக் குடும்பமே மொழிக்கலப்பின் முதன்மையான களம் என்பதை இவை உணர்த்துகின்றன.

அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய மற்றொரு சொல் ‘தோம்பு’. போர்த்துக்கீசரின் நில-இறைப் பதிவேட்டைக் குறித்த இச்சொல் ஒல்லாந்தர் காலத்தில் விரிவான காணிப் பதிவாக வளர்ந்தது. யாழ்ப்பாணத்தார் வழக்கிலும் காணி உறுதியோடு இணைந்தது. ஒலிவேறாவின் வாள் நல்லூரை வென்றது எட்டாண்டுக் கதை. அவன் வழிவந்த ஆட்சி அறிமுகப்படுத்திய கணக்கேடோ மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக நிலத்துக்கும் மனிதனுக்குமுள்ள உறவை வரையறுத்தது. குடியேற்றவாதத்தின் உண்மையான வலிமை இவ்விடத்திலேயே தங்கியிருந்தது எனலாம். கோவாவிலும் லிஸ்பனிலுமுள்ள ஆவணங்களைத் தமிழ் ஆய்வாளர் நேரிற் கற்று, தளபதிகளின் பெயர்களுக்குக் கீழே மறைந்துள்ள குடிகளின் வரலாற்றை எழுதுதல் நம்முன்னுள்ள கடனாகும்.