கையொப்பமிட்ட சரித்திர நூல்கள்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு காணச் செல்லும் அன்பர்கள், சங்கரநாராயணரையும் கோமதி அம்மனையும் தரிசித்தபின், பூலித்தேவர் மறைந்ததாக ஜனங்கள் காட்டும் இடத்தையும் கண்டு மெய்சிலிர்ப்பது வழக்கம். 1755-ம் ஆண்டில் கர்னல் ஹெரானின் படை அருகிலுள்ள நெற்கட்டும்செவல் கோட்டையைப் பிடிக்கமாட்டாமல் திரும்பிய கதையைச் சிறுவரும் அறிவர். அக்கதையை எந்த நூலில் படிக்கலாம் என்று கேட்டாலோ, விடை கூறுவோர் சிலரே. வீரனைப் போற்றும் நாம், அவன் சரித்திரத்தைச் சுமந்து நிற்கும் ஏட்டைப் போற்றுவதில்லை.

பழைய திருநெல்வேலி ஜில்லாவின் சரித்திரத்தைக் கால்டுவெல் பாதிரியார் 1881-ல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கல்லிடைக்குறிச்சியிற் பிறந்த நீலகண்ட சாஸ்திரியார் 1929-ல் பாண்டிய ராஜ்யத்தின் சரித்திரத்தை எழுதினார். 1800-01-ம் ஆண்டுகளின் தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றிய ராஜய்யனின் நூல் 1971-ல் வெளிவந்தது. நம்மைப் பற்றிப் பிறர் எழுதிய நிலை மாறி, நம்மவரே எழுதத் தொடங்கிய வரலாறு இது.

இத்தகைய ஆசிரியர்கள் தம் நூலை நண்பருக்கோ மாணாக்கருக்கோ அளிக்கும்போது, பெறுபவர் பெயரும் தேதியும் எழுதிக் கையொப்பமிடுவது மரபு. அவ்விரண்டு வரிகளை வெறும் அலங்காரம் என்று எண்ணுதல் தவறு. யார் யாருடன் பழகினார், எந்த ஆராய்ச்சி எவர் கைக்கு எப்போது எட்டியது என்பதற்கு அவையே சாட்சி. அச்சுப்பிழையைத் தம் கையால் திருத்தி ஆசிரியர் கொடுத்த பிரதியோ, அச்சிட்ட நூலினும் நம்பத்தக்கது.

எனினும், கண்டதையெல்லாம் நம்பலாகாது. சாஸ்திரியார் 1975-ல் காலமானார். அதன்பின் அச்சான பதிப்பில் அவர் கையொப்பம் காணப்படின் அது போலி என்பதில் ஐயமென்ன? தேதியையும், ஊரையும், மையையும், கையெழுத்தையும் ஒத்துப் பார்த்தே பிரதியை ஏற்கவேண்டும்.

இன்று நடப்பது யாது? பெரியவர் கண்மூடியதும் அவர் புஸ்தகங்கள் எடைக்குப் போகின்றன. பைண்டு செய்பவர் பழுதான முதல் தாளைக் கிழித்தெறிகிறார். கையொப்பமும் அதனோடு ஒழிகிறது. சிலர் கையொப்பத்தை மாத்திரம் கத்தரித்து விற்கின்றனர். கல்வெட்டைப் பெயர்த்துக் கோயிலை இடிப்பதற்கு இது ஒப்பாகும்.

கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாளெல்லாம் தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்தார். அவர் 1992-ல் மறைந்தபின், 1994-ல் அச்சேகரத்தை விலைகொடுத்து வாங்க முன்வந்தது சிகாகோ சர்வகலாசாலை. நூல்கள் கடல் கடக்காமல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெற்றது நம் பாக்கியம். ஆயினும், தமிழர் செல்வத்தைக் காக்கத் தமிழரல்லாதார் பணம் வேண்டியிருந்ததே என்னும் வெட்கம் நம்மை விட்டு அகலவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. ஊர்தோறும் வாசகசாலையார் ஓர் அலமாரியை இதற்கென ஒதுக்கட்டும். கிடைத்த பிரதியில் உள்ள எழுத்தைப் படியெடுத்து, எவர் வீட்டிலிருந்து எப்போது வந்தது என்று பதிவேட்டிற் குறிக்கட்டும். பழைய சொந்தக்காரர் பெயரை அழிக்கவேண்டாம். தாளின்மேல் பசையும் தடவவேண்டாம். வெயிலும் ஈரமும் அணுகாமற் காத்து, கேட்பவர்க்குப் படிக்கக் கொடுக்கட்டும். பூட்டி வைத்துப் பெருமை பேசுவது தொண்டாகாது.

தேச பக்தர்களே! உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய கட்டை எடைக்குப் போடுமுன், ஒவ்வொரு நூலின் முதல் தாளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். நம் சரித்திரத்தை எழுதியவரின் கையெழுத்தே அங்கே உங்களுக்காகக் காத்திருக்கக்கூடும்.