அரியலூர்ப் பிள்ளையின் ஹாக்கி மட்டை

அரியலூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? மூத்தவர்களுக்கு 1956-ம் வருஷத்து ரயில் விபத்து, மற்றவர்களுக்கு சிமெண்ட். இனி ஹாக்கியும் நினைவுக்கு வரட்டும்!

அமெரிக்காவில் பந்தாட்டக்காரர்களுக்குப் பாட்டுக் கோஷ்டிகளுக்கு நிகரான மவுசு. நம் அரியலூர்ப் பிள்ளை கார்த்தி செல்வத்தைத் தெருவில் கண்டால் நம்மில் எத்தனை பேருக்கு அடையாளம் தெரியும்?

2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டி. இந்தியாவுக்காக முதன்முதல் களம் இறங்கிய அன்றே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்டார் கார்த்தி. மறு வருஷம் ஆகஸ்டில், சென்னை எழும்பூரில் ஆசிய சாம்பியன் கோப்பை. இறுதி ஆட்டத்தில் 1-3 என்று பின்தங்கிய இந்தியா, மலேசியாவை 4-3 என்று மடக்கியது. அந்த அணியில் இருந்த ஒரே தமிழர் இவர்தான்.

ஆகவே சகோதரிகளே, பையன் மட்டையோடு கிளம்பினால், "படிப்பு என்ன ஆவது?" என்று கேளுங்கள், நியாயந்தான். ஆனால் மட்டையைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிடாதீர்கள்!