தன்னம்பிக்கைக்கு ஒரு 'லைஃப் கோச்': யாருக்கு உதவும், யாருக்குப் போதாது?

மேடைப் பேச்சைக் கேட்டு வரும் உற்சாகம் இரண்டே நாளில் வடிந்துவிடுகிறது என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அதில் வியப்பில்லை. 'என்னால் இது முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் விளக்கினார். நம்மைப் போன்ற ஒருவர் சாதிப்பதைப் பார்ப்பது, பிறர் தட்டிக்கொடுப்பது, நம் படபடப்பை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது எல்லாமே அதற்குத் துணை செய்யும். ஆனால், தானே செய்து பார்த்து வென்ற அனுபவத்துக்குத்தான் அவர் முதலிடம் கொடுத்தார். நல்ல லைஃப் கோச் அந்த அனுபவத்துக்கு வழி செய்பவர்.

சின்ன வேலையில் தொடங்கும்

பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில ஆண்டுகள் கழித்து வேலைக்குத் திரும்பிய ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு கான்ஃபிடன்ஸே போயிடுச்சு" என்கிறார். அனுபவமுள்ள கோச் உடனே ஆறுதல் சொல்லமாட்டார், கேள்விதான் கேட்பார். "எந்த இடத்துல அப்படித் தோணுது?" திங்கட்கிழமை மீட்டிங்கில். "அங்கே என்ன நடக்குது?" தெரிந்த பதிலே தொண்டைக்குள் நின்றுவிடுகிறது, வேறொருவர் அதைச் சொல்லிவிடுகிறார். "அடுத்த திங்கள் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்க முடியுமா? முதல் பத்து நிமிஷத்துக்குள்ள?"

வாழ்க்கை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த பயம் இப்போது ஒரு கேள்வியின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அடுத்த சந்திப்பில், கேட்டாரா, கேட்குமுன் உடம்பு என்ன செய்தது, கேட்டபின் உண்மையில் என்ன நடந்தது என்று இருவரும் பார்ப்பார்கள். கேட்கவில்லை என்றாலும் குற்றமில்லை. வேலையை இன்னும் சிறிதாக்குவார்கள். ஒரு நோட்டில் இதையெல்லாம் எழுதிவருவது மிகவும் உதவும், ஏனென்றால் சோர்ந்த மனம் தோல்வியை மட்டுமே நினைவில் வைத்துக்கொள்ளும்.

மகிழ்ச்சிக்கும் இதே வழிதான். மனம் சரியானபின் கோலம் போடலாம், தோழியைப் பார்க்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் தள்ளிக்கொண்டே போகும். செய்யத் தொடங்கினால் மனம் மெல்லப் பின்தொடரும். மனச்சோர்வு சிகிச்சையிலேயே இதற்கென்று ஒரு முறை இருக்கிறது.

டாக்டரிடம் போக வேண்டியது எப்போது?

இந்த இடத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே கிடப்பது, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமை, தூக்கமும் பசியும் மாறிப்போவது, இவை நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் சோர்வைத் தரும். எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இதற்குக் கோச்சிடம் பணம் கட்டி மாதங்களைக் கழிப்பது ஆபத்து. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தாலே 14416-ஐ அழையுங்கள். இது மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண், தமிழிலும் பேசலாம்.

பணம் கட்டுமுன்

நம் நாட்டில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகப் பணிபுரிய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். லைஃப் கோச்சுக்கு அப்படி எந்த உரிமமும் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆகவே, எங்கே பயிற்சி பெற்றார் என்று கூசாமல் கேளுங்கள். 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு, தன் முதல்நிலைச் சான்றிதழுக்கே 60 மணிநேரப் பயிற்சியும் 100 மணிநேர அனுபவமும் கேட்கிறது. சான்றிதழ் மட்டும் நல்ல மனிதரை உருவாக்கிவிடாதுதான், ஆனாலும் ஓர் அளவுகோல்.

மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், "21 நாளில் ஆளே மாறிடுவீங்க" என்பவர், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். "எனக்கு உங்கள் உதவி போதாது என்று எப்போது சொல்வீர்கள்?" என்றும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் நம்பிப் போகலாம்.