வண்ணத்துப்பூச்சி விளைவு

சிறு செயலொன்று பெரும் மாற்றத்தை உண்டாக்கியது என்று சொல்ல நேரும்போதெல்லாம் ஆங்கிலத்தார் ‘வண்ணத்துப்பூச்சி விளைவு’ என்கின்றனர். தொடர்வண்டியைத் தவறவிட்டவனின் வாழ்வே திசைமாறும் திரைக்கதைக்கும் அத்தொடர்தான். எங்கோ ஒரு வங்கி நொடித்ததால் உலகச் சந்தை சரிந்தது என்னும் செய்திக்கும் அத்தொடர்தான். நம் இதழ்களிலும் அது குடிபுகுந்துவிட்டது. ஆயினும் அதனை ஈன்ற அறிவியல் சொல்வது வேறு.

1961ஆம் ஆண்டு, குளிர்காலம். அமெரிக்காவின் மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் எட்வர்டு லாரன்சு என்னும் வானிலை அறிஞர், பன்னிரண்டு சமன்பாடுகளாலான ஓர் எளிய வானிலையைக் கணிப்பொறியில் இயக்கி வந்தார். முடிந்துபோன கணக்கீட்டின் ஒரு பகுதியை மீண்டும் காண விழைந்தவர், அச்சுத்தாளிலிருந்த எண்களை எடுத்து உள்ளிட்டுவிட்டுக் குளம்பி அருந்தச் சென்றார். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் திரும்பியவர் கண்டது முற்றிலும் வேறான வானிலை. பொறியின் வெற்றிடக் குழல் ஏதும் பழுதோ என்றே முதலில் ஐயுற்றார். பழைய தாளையும் புதிய தாளையும் வரிவரியாக ஒப்புநோக்கினார். தொடக்க வரிகள் ஒத்திருந்தன. பின்னர்க் கடைசி இலக்கம் சற்றே பிசகியது. அடுத்து, அதற்கு முந்திய இலக்கம். கணக்கிலுள்ள வானிலையில் ஏறத்தாழ நான்கு நாட்களுக்கு ஒருமுறை பிழை இருமடங்காகி வளர்ந்து, இரண்டாம் திங்களில் இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றாயிற்று. பொறியில் குறையில்லை. அதன் நினைவகத்தில் 0.506127 என்றிருந்த எண், தாளில் 0.506 என்று சுருங்கி அச்சாகியிருந்தது. அவ்வளவே.

இவ்வாறு தொடக்கத்துத் துளி வேறுபாடு பெருவேறுபாடாவதற்கு லாரன்சு முதலில் எடுத்துக்காட்டாகச் சொன்னது கடற்பறவையின் சிறகடிப்பை. 1972 திசம்பரில் வாசிங்டனில் அவர் ஆற்றவிருந்த உரைக்குப் பிலிப் மெரிலீசு என்னும் அறிஞர் சூட்டிய தலைப்பிலேதான் வண்ணத்துப்பூச்சி வந்தது: பிரேசிலில் அது சிறகடித்தால் டெக்சாசில் சுழற்காற்று எழுமா என்னும் வினா அது. அதற்கு ஆம் என்று லாரன்சு விடை கூறவில்லை. ஒரு சிறகடிப்பு சுழற்காற்றை எழுப்பக்கூடுமாயின், அதே சிறகடிப்பு எழவிருந்த சுழற்காற்றைத் தடுக்கவும் கூடும் என்றார். எண்ணற்ற பூச்சிகள் சிறகடிக்கின்றன. அவற்றினும் வலிய உயிர்கள் எத்தனையோ அசைகின்றன. இவற்றால் ஆண்டுகள் பல கடந்தும் சுழற்காற்றுகளின் தொகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அவை நிகழும் வரிசை மட்டுமே மாறக்கூடும் என்பது அவர் கருத்து.

ஆகவே பூச்சியின் ஆற்றலை இவ்வறிவியல் போற்றவில்லை. நம் அளவீட்டின் எல்லையையே அது வரையறுக்கிறது. காற்றையும் வெப்பத்தையும் எத்துணை நுட்பமாக அளந்தாலும் எஞ்சும் துளிப்பிழை பெருகி, ஏறத்தாழ இரண்டு கிழமைகளுக்கு அப்பால் நாள்தோறுமான வானிலையை மறைத்துவிடுகிறது. இதனை உணர்ந்தே ஐரோப்பிய, அமெரிக்க வானிலை நடுவங்கள் 1992 முதல், தொடக்க எண்களைச் சிறிதுசிறிது மாற்றி ஒரே முன்கணிப்பைப் பலமுறை இயக்கிப் பார்க்கின்றன. விடைகள் ஒன்றுபட்டால் துணிந்து கூறுகின்றன. சிதறினால் வாய்ப்பளவை மட்டும் கூறுகின்றன.

இத்தொடரை எழுத்தில் ஆள விரும்புவோர், நடந்து முடிந்த ஒன்றுக்குக் காரணம் காட்ட அதனை அழைக்க வேண்டா. நடக்கவிருப்பதை எவ்வளவு தொலைவு முன்னறியக்கூடும் என்று பேசுமிடத்தில் ஆளுக.