பெயருக்காகக் காத்திருக்கும் காது

"மகள் வீட்டு அலமாரியில் அலெக்ஸா இருக்கிறது. விளக்கு எரியாதபோதும் அது நம் பேச்சைக் கேட்குமா?" என்று வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்கும் அம்மா. கேட்காமல் அதனால் இருக்கவே முடியாது.

2014இல், அலெக்ஸா பேசும் பெட்டியான அமேசானின் எக்கோ வந்தது. 2016இல் கூகுள் ஹோம், 2018இல் ஆப்பிளின் ஹோம்பாட். இவை பாட்டுப் போடுவதும் மின்விசிறியை நிறுத்துவதும் எல்லாரும் அறிந்ததுதான். எனக்குத் தீராத வியப்பு, அவை விழித்துக்கொள்ளும் விதம்.

என் அம்மாயி மதியத்தில் திண்ணையில் கண்ணயர்வாள். மாட்டுவண்டி போகும், மீன்காரர் கூவிப் போவார், அசையமாட்டாள். நான் மெல்ல "அம்மாயி" என்றால் போதும், கண் திறந்துவிடும். தூக்கத்திலும் அவள் காது எல்லா ஓசையையும் வாங்கி, வேண்டாததைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது. எக்கோ செய்வதும் அதுதான். முதல் எக்கோவின் தலையில் ஏழு மைக்குகள். ஒரே குரல் ஒவ்வொரு மைக்கையும் இம்மியளவு முன்பின்னாக வந்தடையும். அதை வைத்தே பேசுபவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கணித்துவிடும். உள்ளே ஒரு சிறு நிரல், தன் பெயரை மட்டும் எதிர்பார்த்துக் கிடக்கிறது. கடைசிச் சில நொடி ஒலியைச் சிலேட்டில் எழுதுவதுபோல் எழுதி, உடனுக்குடன் அழித்துக்கொண்டிருக்கும். பெயர் காதில் விழுந்ததும் விளக்கு எரியும். அதன் பிறகு பேசுவது இணையம் வழியே நிறுவனத்தின் கணினிக்குப் போகும்.

அம்மாயிக்கு என் குரல் தெரியும். இந்தப் பெட்டியோ யார் கூப்பிட்டாலும் எழுந்துகொள்ளும். 2017 ஜனவரியில் டல்லாஸில் ஒரு சிறுமி அலெக்ஸாவிடம் பேசப்போய், வீட்டுக்குப் பொம்மை வீடு வந்திறங்கியது. சான் டியாகோ தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர் சிறுமியின் கதையை அலெக்ஸாவின் பெயரோடு திருப்பிச் சொல்ல, பார்த்துக்கொண்டிருந்த சில வீடுகளிலும் பெட்டிகள் பொம்மை வீடு வாங்க முயன்றன.

பெயர்போல் ஒலிக்கும் வேறு சொல்லுக்கும் அது தவறி விழிப்பதுண்டு. அப்போது வீட்டுப் பேச்சும் சேர்ந்தே போகிறது. மூன்று நிறுவனங்களும் பதிவுகளில் ஒரு பகுதியை ஊழியர்களைக் கொண்டு கேட்கவைத்தது 2019இல்தான் வெளியே தெரிந்தது. குழந்தைகளின் குரல் பதிவுகளை அளவு மீறி வைத்திருந்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 2023இல் அமேசான் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் சில எக்கோக்களில் குரலை வெளியே அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே கையாளும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28இல் அதையும் எடுத்துவிட்டார்கள். விலையைக் குறைப்பதில் முண்டியடிக்கும் நிறுவனங்கள் இந்த ஒரு வசதியைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள். மைக்கை நிறுத்தும் பொத்தான் பெட்டியிலேயே இருக்கிறது; அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். பழைய பதிவுகளை அலெக்ஸா செயலியில் அழிக்கலாம். படுக்கையறையில் அது வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் பெட்டி இருப்பதைச் சொல்லிவிடுங்கள்; அவர்கள் பேச்சும் அதன் காதில் விழுகிறது.