எல்லாமே பச்சையாக இருந்த கூட்டம்

ஒரு கம்பெனிக்குத் திட்டம் போடுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. போட்ட திட்டம் நடக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் பெரும்பாடு. அதற்காகத்தான் ரிவ்யூ மீட்டிங் என்கிற ஆய்வுக் கூட்டம். டீயை ஆற்றிக்கொண்டே, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

2006 செப்டம்பரில் ஆலன் முலாலி ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தார். அதுவரை போயிங்கில் விமானம் செய்துகொண்டிருந்தவர். வியாழக்கிழமைதோறும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூடவேண்டும் என்றார். அவரவர் வேலைக்கு ஒரு நிறம் காட்டவேண்டும். திட்டப்படி போனால் பச்சை. சிக்கல் உண்டு, தீர்க்க வழியும் தெரியும் என்றால் மஞ்சள். வழியே தெரியவில்லை என்றால் சிவப்பு.

முதல் சில வாரங்கள் எல்லாமே பச்சை. அந்த ஆண்டு ஃபோர்டு அடைந்த நஷ்டமோ சுமார் 1,270 கோடி டாலர்! இத்தனை பணம் போகிறதே, சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார் முலாலி.

நாம் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அந்த நிறத்தை ஆளுக்குப் போடும் மார்க் என்று எடுத்துக்கொள்கிறோம். அது வேலையின் நிலவரம், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெரியப்பா மண்டபத்துக்குள் நுழைந்து, "எல்லாம் ஆச்சா?" என்கிறார். திட்டு விழுமே என்று எல்லோரும் "ஆச்சு" என்கிறோம். நாதஸ்வரக்காரர் இன்னும் உறுதி சொல்லவில்லை என்று ஒருவர் வாய் திறந்திருந்தால், நாலு பேர் அப்போதே போனை எடுத்திருப்பார்கள். முகூர்த்த நேரத்தில் தெரிந்து என்ன செய்ய? அப்படியென்றால் தப்பு "ஆச்சு" என்றவர்மேல் மட்டுமா? உண்மையைச் சொன்னால் வசவுதான் கிடைக்கும் என்று முன்பே பழக்கிவைத்த பெரியப்பாவுக்குத்தான் அதில் பெரும்பங்கு.

ஃபோர்டில் வாயைத் திறந்தவர் மார்க் ஃபீல்ட்ஸ். அமெரிக்கப் பிரிவு அவர் பொறுப்பு. கனடாவின் ஓக்வில் ஆலையில் எட்ஜ் என்ற புதுக் கார் வெளிவர இருந்தபோது ஒரு கோளாறு தென்பட்டது. காரை நிறுத்திவைத்துவிட்டு, சிவப்பைக் காட்டினார். அறையே அடங்கிப்போனது, இவர் வேலை போயிற்று என்றே மற்றவர்கள் நினைத்தார்கள். முலாலி கைதட்டினார். யார் உதவமுடியும் என்று கேட்டார். அங்கேயே உதவ ஆள் கிடைத்தது. சில வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் வரத் தொடங்கின.

நிர்வாகப் புத்தகங்கள் இந்தக் கைதட்டலைக் கொஞ்சம் அதிகமாகவே கொண்டாடுகின்றன. ஃபோர்டு பிழைத்ததற்குப் பணமும் காரணம். 2006 கடைசியில் சொத்துகளையும், அந்த நீல முட்டைவடிவச் சின்னத்தையும்கூட அடமானம் வைத்து 2,360 கோடி டாலர் திரட்டியிருந்தார்கள். 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவாலானபோது ஃபோர்டு அந்த நிலைக்குப் போகவில்லை. ஆனால் எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று தெரியாமல் இருந்திருந்தால், அந்தப் பணமும் பழைய வழியிலேயே போயிருக்கும் என்பேன்.

சிவப்புக் காட்டியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். முலாலி 2014-இல் ஓய்வு பெற்றார். அந்த நாற்காலிக்கு வந்தவர் ஃபீல்ட்ஸ்தான்.